கம்பெனிக்கு விசா வேண்டாம்

சிங்கப்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தைப் பதிவுசெய்ய ஒரு டாலர் முதல் போதும். தாள்கள் சரியாக இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே பதிவெண் வந்துவிடும். பங்குகள் அத்தனையும் வெளிநாட்டவர் ஒருவரின் பெயரிலேயே இருக்கலாம். உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவர் வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அதற்கும் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பங்குதாரர் சிராங்கூன் சாலையில் தன் சொந்தக் கடையின் கல்லாவில் உட்கார நினைத்தால் விஷயம் வேறு அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. தொழில்முனைவோருக்கென்றே மனிதவள அமைச்சு தரும் என்ட்ரிபாஸ் புதுமையான தொழில்நுட்பமோ முதலீட்டாளர் ஆதரவோ உள்ளவர்களுக்கானது. காபிக்கடை, உணவங்காடி, மதுக்கூடம், மசாஜ் நிலையம், வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி ஆகியவற்றுக்குக் கிடையாது என்று வெளிப்படையாகவே பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஃபெங்சுயி பார்ப்பவருக்கும் கிடையாது.

எஸ்டோனியா இதையே ஒரு திட்டமாக்கிவிட்டது. 2014 டிசம்பரில் அது தொடங்கிய மின்-வசிப்புரிமையை வாங்கினால், திருச்சியில் இருந்தபடியே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு கம்பெனி நடத்தலாம். தாலின் நகரில் ஒரு நாள் தங்கக்கூட அந்த அட்டை உரிமை தராது. வெளிநாட்டில் தொழில் தொடங்குவது எளிதாகிவிட்டது என்ற பேச்சு நிறையக் கேட்கிறது. எளிதானது கம்பெனி தொடங்குவது. கம்பெனிக்கு விசா வேண்டாம். அதை நடத்துகிற ஆளுக்கு வேண்டும். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் முதல் இறங்க அகலமாகத் திறந்த நாடுகள், ஆள் இறங்குகிற வாசலை அதே அளவுக்குத் திறக்கவில்லை. அயல்நாட்டில் சொந்தத் தொழில் பற்றிய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வாசல்களுக்கும் இடைப்பட்ட சந்தில் நடப்பவை.

பிரிட்டனைப் பாருங்கள். இரண்டு லட்சம் பவுண்டு கொண்டுவந்தால் தொழில்முனைவோர் விசா என்ற ஏற்பாடு 2019 மார்ச்சில் மூடப்பட்டது. அடுத்து வந்ததில் ஐம்பதாயிரம் பவுண்டு கேட்டார்கள். 2023 ஏப்ரலில் வந்த இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசாவில் அந்தத் தொகையையும் எடுத்துவிட்டார்கள். பணத்துக்குப் பதில் இப்போது கேட்பது புதுமை. தொழில் புதிதாக இருக்க வேண்டும், நிலைக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பெருகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ஓர் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு சான்று தர வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க் கடைக்குப் பக்கத்தில் இன்னொரு தமிழ்க் கடை திறந்து அதே முருங்கைக்காயையும் அதே சிவப்பரிசியையும் விற்கப்போகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் எந்த அமைப்பும் கையெழுத்துப் போடாது. ஆனால் குடியேறியவர்களின் தொழில் உலகெங்கும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது: ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்தவர் செய்வது. முதல் கடையில் வேலை பார்த்தவன் மூன்றாவது கடையைப் போடுவான். புதுமை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. அதனால்தான் அது தோற்பதும் குறைவு என்பது என் எண்ணம்.

அப்படியென்றால் லண்டன், பாரிஸ், டொராண்டோ நகரங்களில் இத்தனை தமிழ்க் கடைகள் எப்படி வந்தன? தொழில் விசாவில் வந்தவர்கள் திறந்தவை அல்ல அவை. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, வழக்கு முடிந்து, வசிப்புரிமை கிடைத்த பிறகு திறந்தவையே பெரும்பாலானவை. அந்த உரிமையில் யாரும் தொழில் திட்டம் கேட்கவில்லை. பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஃபோபூர் சாந்தெனி தெருவின் மேல்பகுதியில் லா ஷப்பேல் என்ற பகுதி, புடவைக் கடையும் நகைக்கடையும் கொத்துரொட்டியுமாகக் குட்டி யாழ்ப்பாணம் ஆனது இந்த வழியில்தான். தஞ்சம் கொடுத்த சட்டம் தான் ஒரு வணிக வீதியை உண்டாக்குகிறோம் என்று நினைத்திருக்காது. வணிகத்தை வளர்க்க எழுதிய விசாக்களால் அப்படி ஒரு வீதி எங்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

அந்த வீதி நிலைத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அது பலர் கவனிக்காதது. பிரான்சில் கடை வாடகை ஒப்பந்தம் குறைந்தது ஒன்பது ஆண்டுக்கு. மூன்றாண்டுக்கு ஒருமுறை வாடகைக்காரர் விலகிக்கொள்ளலாம். வீட்டுக்காரரால் அவ்வளவு எளிதில் விலக்க முடியாது. ஒன்பது ஆண்டு முடிந்து புதுப்பிக்க மறுத்தால் அவர் நட்டஈடு தர வேண்டும். ஆகவே கடையில் உட்கார்ந்திருக்கிற உரிமையே விலைபோகும் சொத்தாகிறது. வாங்க வருபவருக்கு விற்கலாம், விற்ற பணத்தில் பெரிய கடைக்குப் போகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் வணிக வாடகைதாரருக்குப் புதுப்பிக்கும் உரிமை தருகிறது. ஆனால் ஒப்பந்தத்திலேயே அதை விட்டுக்கொடுப்பதாக எழுதிவாங்கிக்கொள்ளலாம். அந்த ஒரு பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் ஐந்து வருடம் கழித்து வளர்த்த கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வெளியே வருகிறார்கள். வெளிநாட்டில் கடை போடுகிறவர் கம்பெனிச் சட்டத்தைவிட வாடகைச் சட்டத்தை முதலில் படிக்க வேண்டும்.

வளைகுடா வேறு உலகம். அங்கே அகதி வழியும் இல்லை, பத்தாண்டு இருந்தால் குடியுரிமை என்ற கணக்கும் இல்லை. வேலைக்குப் போனவர் அங்கேயே முதலாளி ஆவதற்கு நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது: ஓர் உள்ளூர்க்காரரின் பெயர். ஐக்கிய அரபு அமீரகத்தில் வணிகக் கம்பெனியின் 51 சதவீதப் பங்கு குடிமக்கள் பெயரில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. தையல், பழுதுபார்ப்பு போன்ற தொழில்முறை உரிமங்களில் முழு உரிமையும் வெளிநாட்டவருக்கு இருக்க முடிந்தது. அங்கும் உள்ளூர் சேவை முகவர் ஒருவர் தேவைப்பட்டார். நடைமுறையில் அந்த 51க்கு உரியவர் முதலும் போடவில்லை, கடைப்பக்கம் வந்ததும் இல்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்று ஸ்பான்சர் தொகை வாங்கிக்கொள்வார். பங்கு உண்மையில் உன்னுடையதுதான் என்று தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்வார்கள். நீதிமன்றத்தில் அந்தத் தாள் நிற்குமா என்பது எப்போதும் சந்தேகத்துக்குரியதாகவே இருந்தது; சட்டத்தைச் சுற்றிவரவே எழுதிய தாளை அதே சட்டத்திடம் காட்டி நியாயம் கேட்பது கடினம். பெரும்பாலான ஸ்பான்சர்கள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்கள். ஸ்பான்சர் இறந்து, பங்கு பிள்ளைகள் கைக்குப் போனபோதுதான் பல கடைகள் ஆடின.

இதைத் தாண்டும் வழி முதலில் ஃப்ரீ ஸோன்களில் வந்தது. 1985இல் ஜெபல் அலி. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நாற்பதுக்கும் மேல். அங்கே நூறு சதவீதமும் சொந்தம். ஆனால் அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு துபாயின் தேராவில் நேரடியாகக் கடை போட்டுச் சில்லறை விற்க முடியவில்லை. ஏற்றுமதி இறக்குமதிக்கும் மென்பொருளுக்கும் ஆலோசனைத் தொழிலுக்கும் பொருந்தியது, மளிகைக்குப் பொருந்தவில்லை. 2020இல் சட்டத்தைத் திருத்தி, 2021 ஜூன் 1 முதல் பெரும்பாலான வணிகங்களில் ஃப்ரீ ஸோனுக்கு வெளியேயும் முழு உரிமையை அனுமதித்தார்கள். நெடுங்கால வழக்கம் ஒன்று முடிந்தது என்றே சொல்லலாம். அதே காலத்தில் வேறு சிலவும் வந்து சேர்ந்தன. 2018இல் ஐந்து சதவீத வாட். 2023 ஜூன் முதல் தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து, 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு ஒன்பது சதவீத வரி. வரியில்லாத ஊர் என்ற பழைய நம்பிக்கையில் கணக்கு எழுதாமல் இருந்த சிறு கடைக்காரர்களுக்கு உரிமை மாற்றத்தைவிட இதுதான் பெரிய மாற்றம்.

காசோலையையும் சொல்ல வேண்டும். அமீரகத்தில் கடை வாடகை ஆண்டுக்கு ஒன்றோ, இரண்டோ, நான்கோ பின்தேதியிட்ட காசோலைகளாகக் கொடுக்கப்படும். சரக்குக் கடனுக்கும் அதே. அக்கவுண்டில் பணமில்லாமல் ஒன்று திரும்பினால் பல ஆண்டுகளாக அது போலீஸ் வழக்காக இருந்தது. வியாபார நட்டம் நேராகச் சிறைக்கும் பயணத் தடைக்கும் கொண்டுபோனது. கூட்டாளி சொல்லாமல் விமானம் ஏறிவிட, கையெழுத்துப் போட்டவர் மாட்டிக்கொண்ட கதைகள் நம் ஊர்களில் நிறைய. 2022 ஜனவரியிலிருந்து மோசடி நோக்கமில்லாத காசோலைகள் பெரும்பாலும் உரிமையியல் விவகாரமாகிவிட்டன. பயணத் தடை போய்விடவில்லை.

சவூதி எதிர்த் திசையில் இறுக்கியது. உள்ளூர்க்காரர் பெயரில் வெளிநாட்டவர் நடத்தும் மறைமுக வணிகத்துக்கு அங்கே தசத்துர் என்று பெயர். 2020இல் வந்த புதிய சட்டம் இதற்கு ஐந்தாண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் ரியால் வரை அபராதம் என்கிறது. பெயரைக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. ஆனால் தண்டனை முடிந்து நாடு கடத்தப்படுகிறவர் வெளிநாட்டவர் மட்டுமே.

மலேசியாவில் இந்த ஏற்பாட்டை அலிபாபா என்பார்கள். பூமிபுத்திரா ஒருவர் உரிமத்தை வாங்குவார், சீனர் தொழிலை நடத்துவார் என்ற பழைய வழக்கத்துக்கு வந்த பெயர். இன்று சந்தைக் கடை உரிமத்தை உள்ளூர்க்காரர் எடுத்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வாடகைக்கு விடுவதையும் குறிக்கிறது. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி அங்கே தனியுடைமைத் தொழிலைக் குடிமக்களும் நிரந்தர வாசிகளும் மட்டுமே பதியலாம். வெளிநாட்டவர் சென்டிரியான் பெர்ஹாட் என்ற தனியார் கம்பெனி தொடங்கலாம். ஆனால் சில்லறை மொத்த வணிகத்துக்குப் பத்து லட்சம் ரிங்கிட் முதல் காட்ட வேண்டும். கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சேல்ஸ்மேனாகப் பத்து வருடம் இருந்த ராமநாதபுரத்துக்காரருக்குத் தொழில் அத்துபடி. பத்து லட்சம் ரிங்கிட்டுக்கு அவர் எங்கே போவார்? ஆகவே யாரோ ஒருவர் பெயரில் ஒரு கடை. மாட்டிக்கொண்டால் போவது தொழிலும் விசாவும் இரண்டும்.

ஜெர்மனி கேட்பது இன்னொன்று: கைப்பழக்கத்துக்குச் சான்று. அங்கே சுயதொழில் வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தால், தொழிலுக்குப் பொருளாதாரத் தேவை இருக்கிறதா, பணம் உறுதியா என்று வணிகச் சங்கங்களின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர் முதுமைக்கான ஓய்வூதிய ஏற்பாட்டையும் காட்ட வேண்டும். மொழிபெயர்ப்பாளர், பொறியாளர், ஓவியர் போன்ற சுதந்திரத் தொழிலருக்கு வழி சற்று இலகு. வணிக வரியும் இல்லை. ஆனால் முடிதிருத்தும் கடை திறக்க வேண்டுமென்றால் மைஸ்டர் என்ற தொழில்தேர்ச்சிப் பட்டம் வேண்டும், அல்லது மைஸ்டர் ஒருவரை வேலைக்கு வைக்க வேண்டும். 2004இல் இந்தக் கட்டாயம் 94 கைத்தொழில்களிலிருந்து 41ஆகக் குறைந்தது. 2020இல் பன்னிரண்டைத் திரும்பச் சேர்த்தார்கள். முடிதிருத்தும் தொழில் எப்போதுமே பட்டியலைவிட்டு வெளியேறவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கத்தரிக்கோல் பிடித்த கைக்கு அங்கே தனியாக மதிப்பில்லை.

இவ்வளவையும் பார்த்தால், சில இனத்தார் இயல்பாகவே வியாபாரிகள், உழைப்பாளிகள், அதனால் போன இடத்தில் கடை போட்டார்கள் என்ற விளக்கம் எவ்வளவு பலவீனமானது என்று தெரிகிறது. 1999இல் நெதர்லாந்தின் குளூஸ்டர்மன், வான் டெர் லூன், ராத் ஆகிய மூவர் எழுதிய ஆய்வு இதைத்தான் சொன்னது: குடியேறியவரின் உறவு வலையை மட்டும் பார்த்தால் போதாது, போன நாட்டின் சந்தையும் விதிகளும் எந்தத் தொழிலை அவருக்கு விட்டுவைத்திருக்கின்றன என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலேசியாவில் முடிதிருத்தகம் தமிழர் தொழில், ஜெர்மனியில் இல்லை. தமிழர் மாறவில்லை, விதிதான் வேறு.

உறவு வலை தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. முதல் அங்கிருந்துதான் வருகிறது. புதிதாக வந்தவருக்கு அந்த நாட்டுக் கடன் வரலாறு கிடையாது. ஊரில் எத்தனை வங்கிக் கடனை ஒழுங்காக அடைத்திருந்தாலும் அது கடல் தாண்டி வராது. அந்த இடத்தில் சீட்டு வருகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஐவன் லைட் 1972இல் எழுதிய நூல், சீனரும் ஜப்பானியரும் அமெரிக்காவில் சிறு கடைகளை எழுப்பியதற்கு இப்படிச் சுழலும் சீட்டுகள் எவ்வளவு உதவின என்று காட்டியது. இலங்கைத் தமிழரிடையே டொராண்டோவிலும் லண்டனிலும் அதே முறை. பங்கு போட்டவர்களில் அவசரம் உள்ளவர் கழிவு விட்டு முதலில் எடுப்பார். கடைக்குச் சரக்குப் போட, முன்பணம் கட்ட அது போதும். குறை இரண்டு. சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் வழக்குப் போட உருப்படியான தாள் இருக்காது. நம் ஊரில் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் தருகிற பாதுகாப்பு அங்கே இல்லை. இரண்டாவது, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது எல்லா வங்கிகளும் கேட்கின்றன. நாற்பது பேர் நம்பிக்கையில் சேர்ந்த பணத்துக்கு ரசீது கிடையாது.

அமெரிக்காவில் பணமும் திறமையும் இருந்தும் பாஸ்போர்ட் தடுக்கும். ஒப்பந்த நாட்டு முதலீட்டாளருக்கான இ-2 விசாவில் நடுத்தர முதலோடு ஓர் உணவகத்தையோ கடையையோ நடத்தலாம். இந்தியாவோடு அந்த ஒப்பந்தம் இல்லை, இலங்கையோடு உண்டு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கத்துக் குடியுரிமை உள்ளவர் விண்ணப்பிக்கலாம், இந்தப் பக்கத்துக் குடியுரிமை உள்ளவரால் முடியாது. வசதி உள்ள இந்தியர் சிலர் கிரெனடா குடியுரிமையை விலைக்கு வாங்கி அதன் மூலம் போனார்கள். 2022 இறுதியில் அமெரிக்கா அதையும் கண்டுகொண்டது: முதலீட்டால் குடியுரிமை பெற்றவர் அந்த நாட்டில் மூன்றாண்டு தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர் கம்பெனியில் பங்கு வைத்திருக்கலாம், சம்பளம் தருகிற முதலாளிக்கு வெளியே அங்கே வேலை செய்யக் கூடாது. அவர் தன் கம்பெனியின் பெயரிலேயே விசாவுக்கு விண்ணப்பிக்க 2025 ஜனவரியில்தான் விதி தெளிவாக இடம்கொடுத்தது. அதிலும் முதல் அனுமதி பதினெட்டு மாதம்தான்.

விதி தெரிந்து போனவரையும் விதி மாறி வந்து பிடிக்கும். ஜப்பானில் இந்தியச் சாப்பாடு என்ற பலகை தொங்கும் கடைகளில் பெரும்பங்கை நடத்துகிறவர்கள் நேபாளிகள். பத்தாண்டு அனுபவம் காட்டிச் சமையற்காரராக வந்து, பணம் சேர்த்து, ஐம்பது லட்சம் யென் முதலோடு வணிக மேலாளர் விசாவுக்கு மாறி, ஊரிலிருந்து அடுத்த சமையற்காரரை அழைப்பது அவர்கள் வழி. 2025 அக்டோபரில் ஜப்பான் அந்தத் தொகையை ஒரேயடியாக மூன்று கோடி யென் ஆக்கியது. முழுநேர ஊழியர் ஒருவரும் கட்டாயம். ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களுக்கு மூன்றாண்டு அவகாசம். ஒரு சிறு நான்-குழம்புக் கடையிலிருந்து மூன்றாண்டில் அந்த முதலை எடுப்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

சுயதொழில் என்ற பெயரையே தொழிலாளி மேல் ஏற்றிவிடுவது இன்னொரு போக்கு. டாக்சிச் செயலிகளும் உணவு விநியோகச் செயலிகளும் ஓட்டுநரை முதலாளி என்றே எழுதிவாங்குகின்றன. ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளிகளே என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொன்னது. கனடாவில் லாரி ஓட்ட வரும் புதியவரைத் தன் பெயரில் ஒரு கம்பெனி பதியச் சொல்லி, கூலியை அந்தக் கம்பெனிக்குப் பில்லாகத் தரும் வழக்கத்துக்கு டிரைவர் இன்க் என்றே பெயர். விடுப்பும் இல்லை, காப்பீடும் இல்லை, வரிப் பொறுப்பு முழுவதும் ஓட்டுநர் தலையில். கம்பெனி தொடங்குவது எளிதானதன் மறுபக்கம் இது. பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் இப்படி ஓட்டினால் சுயதொழில் செய்த குற்றமும் சேரும்.

போவதைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்புவதைப் பற்றி எழுதுவதில்லை. தமிழருக்கு இதில் பாடமாக ஒரு முழு நூற்றாண்டு இருக்கிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா போனபோது குடும்பத்தைக் கொண்டுபோகவில்லை. மூன்றாண்டு தவணைக்கு மேலாளை அனுப்பினார்கள். குடும்பமும் வீடும் காரைக்குடிப் பக்கம். இடைத்தரகுச் சிறுபான்மையினர் பற்றி எட்னா பொனாசிக் 1973இல் எழுதிய கட்டுரை, திரும்பிப்போகும் எண்ணத்தோடு வருகிறவர்கள் எளிதில் பணமாக்கக்கூடிய தொழிலையே தேர்கிறார்கள் என்கிறது. வட்டித் தொழில் அதற்கு நல்ல உதாரணம். 1930 வாக்கில் அரிசி விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல்போக, அடகு நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்களிடம் சுமார் 6 சதவீத நிலம் இருந்தது. 1937இல் அது 25 சதவீதத்தை ஒட்டியது. பணம் நிலமாக உறைந்துவிட்டது. நிலத்தைக் கப்பலேற்ற முடியாது. பர்மிய உழவர் கண்ணுக்கு அது பறித்த சொத்து, அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் நில தேசியமயச் சட்டம், 1964இல் நே வின் ராணுவ அரசு கடைகளை எடுத்துக்கொண்டது, அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது. சென்னையின் பர்மா பஜார் அப்படித் திரும்பி வந்தவர்கள் போட்ட கடைவரிசை.

பெயர் உள்ளூர்க்காரருடையதாக இருந்தால் ஆபத்து என்று மேலே சொன்னேன். பர்மாவில் பட்டா முழுக்கச் சொந்தப் பெயரிலேயே இருந்தது; அதுவும் காப்பாற்றவில்லை. தப்பியவர்கள் முதலைப் பல இடங்களில் பிரித்து வைத்தவர்கள்: மலேயா ரப்பர், இலங்கை, இந்தியாவில் ஆலைகள், வங்கி. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தார். உகாண்டாவில் 1972 ஆகஸ்டில் இதி அமீன் ஆசியர்களுக்குக் கொடுத்தது தொண்ணூறு நாள். சொத்தைத் திரும்பக் கேட்க ஒரு சட்டம் வரப் பத்தாண்டு ஆனது. 1990 ஆகஸ்டில் ஈராக் படையெடுத்தபின் குவைத்திலிருந்து வந்தவர்களுக்கு ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் அமைந்ததால் ஓரளவு கிடைத்தது. கடையின் இழப்பைக் கேட்க அதன் கணக்கும் ரசீதும் கையில் இருக்க வேண்டியிருந்தது.

இன்று அப்படி ஒரே நாளில் துரத்துவது அரிது. சத்தமில்லாமல் விசா புதுப்பிக்கப்படாமல் போவதே வழக்கம். ஆகவே இந்தியப் பக்கத்துக் கதவையும் பார்த்து வைக்க வேண்டும். இங்கிருந்து முதல் கொண்டுபோக தனிநபருக்கு ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்குவதை வங்கி வழியாகப் பதிய வேண்டும். வெளிநாட்டில் வசித்தபோது சேர்த்த சொத்தை ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இந்திய வரிச் சட்டப்படி முழுமையான உள்நாட்டு வாசியானதும் அந்தக் கடைப் பங்கையும் வங்கிக் கணக்கையும் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். மறந்தால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் அபராதம் விழலாம். கடையில் நட்டம் வந்திருந்தாலும் காட்டத்தான் வேண்டும்.

கடைக்காரர் அங்கேயே இறந்துபோனால் என்ன ஆகும் என்பது யாரும் பேச விரும்பாத கேள்வி. வளைகுடாவில் மனைவி மக்களின் விசா அவர் விசாவில் தொங்குகிறது. அவர் விசா உரிமத்தில். உரிமம் வாடகை ஒப்பந்தத்தில். இறந்த செய்தி போனதும் வங்கிக் கணக்கு முடங்கும். வாரிசுச் சான்று ஊரிலிருந்து வந்து, மொழிபெயர்த்து, முத்திரை பெற்று, நீதிமன்றம் போய்வர மாதங்கள் ஆகும். அதற்குள் அடுத்த வாடகைக் காசோலையின் தேதி வந்துவிடும். துபாயில் முஸ்லிம் அல்லாதோர் தம் உயிலைப் பதிய 2015 முதல் தனிப் பதிவகம் இருக்கிறது. கம்பெனிப் பங்கையும் அதில் எழுதிவைக்கலாம்.